பிரஸ்ஸல்ஸ் பீர் ஆலைகள்: காய்ச்சும் இடங்களைப் பட்டியலிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு பதிப்பில் அண்மையில் வெளிவந்த பிரஸ்ஸல்ஸ் பயணக் கட்டுரையையும், அதைத் தொடர்ந்து வந்த வாசகர் கடிதங்களையும் படித்தேன். பீர் ஆலைகளைச் சுற்றிப் பார்க்கச் சொல்லி ஒரு தமிழ் நாளிதழ் எழுதலாமா என்று சிலர் வருத்தப்பட்டிருந்தார்கள். அந்த வருத்தத்தில் நியாயம் உண்டு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். என் குறை வேறு. ‘தவறவிடக் கூடாத கிராஃப்ட் பீர் ஆலைகள்’ என்று தலைப்பிட்டுக் கட்டுரையாளர் வரிசைப்படுத்திய இடங்களில் பெரும்பாலானவை பீர் ஆலைகளே அல்ல. அவை பீர் ஊற்றிக் கொடுக்கும் இடங்கள். எங்கோ காய்ச்சிய பீர் அங்கே லாரியில் வந்து இறங்குகிறது. குடிப்பது மட்டும்தான் நோக்கம் என்றால், அதைக் கோலாலம்பூரிலேயே செய்துகொள்ளலாம்; அத்தனை மணி நேரம் விமானத்தில் முடங்கிக் கிடந்து ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில்லை.

நான் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு பெரிய பீர் ஆலையின் நொதிப்புப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். என் மகள் மேற்படிப்புக்காகப் பெல்ஜியத்தில் இருந்த காலத்தில் அந்நகரின் ஆலைகளை நிதானமாகச் சுற்றிப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

கட்டுரையில் முதலிடம் பெற்றிருப்பது டெலிரியம் கஃபே. 2004ஆம் ஆண்டில் 2,004 வகைப் பீர்களை வைத்திருந்ததற்காகக் கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் இடம் பிடித்த மதுக்கூடம் அது. இளஞ்சிவப்பு யானைச் சின்னம் பொறித்த அதன் புகழ்பெற்ற பீர் பிரஸ்ஸல்ஸில் காய்ச்சப்படுவதல்ல. கெண்ட் நகருக்கு அருகிலுள்ள மெல்லே என்ற ஊரில், ஹொய்கெ ஆலையில் காய்ச்சப்படுவது. இரண்டாவதாகக் குறிப்பிடப்பட்ட பெல்ஜியன் பீர் வேர்ல்ட், 2023இல் பழைய பங்குச் சந்தைக் கட்டடத்தில் திறக்கப்பட்ட கண்காட்சிக் கூடம். மழை பெய்யும் பிற்பகலுக்கு அது பொருத்தமான இடம் என்பதை மறுக்கவில்லை. பெல்ஜியப் பீர்ப் பண்பாட்டை யுனெஸ்கோ 2016இல் மனிதகுலத்தின் அருவ மரபுப் பட்டியலில் சேர்த்ததன் பின்னணியை அங்கே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். ஆனால் உண்மையான கொப்பரையில் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) சாறு கொதிக்கும் வாசனை எப்படி இருக்கும் என்பதை எந்தக் கண்காட்சித் திரையும் காட்டாது.

காய்ச்சும் இடத்தைப் பார்க்க விரும்பும் ஒருவர் பிரஸ்ஸல்ஸில் முதலில் போக வேண்டியது கான்டியோன் ஆலைக்கு. இந்தப் பெயர் கட்டுரையில் ஓரிடத்தில் கூட இல்லை என்பதுதான் என்னை எழுத வைத்தது. ஆம்ஸ்டர்டாமிலிருந்தும் பாரிஸிலிருந்தும் வரும் விரைவு ரயில்கள் நிற்கும் மிடி நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில், ஆண்டர்லெக்ட் பகுதியின் ஒரு சாதாரணத் தெருவில் அது இருக்கிறது. வாசலைப் பார்த்தால் பழைய பட்டறை என்று நினைத்துக் கடந்துவிடுவீர்கள். 1900ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அந்தக் குடும்ப ஆலை, ஒரு காலத்தில் நகரெங்கும் நிறைந்திருந்த லாம்பிக் (ஈஸ்ட் சேர்க்காமல் தானாகவே நொதிக்கும் பீர்) ஆலைகளில் நகர எல்லைக்குள் எஞ்சி நின்ற ஒரே மரபு ஆலை. லாம்பிக்கை யாரும் சீண்டாத காலத்தில், 1978இல், ஜான் பியேர் வான் ராய் அதை இயங்கும் அருங்காட்சியகமாக்கினார். பார்வையாளர்கள் கொடுத்த நுழைவுக் கட்டணமும் அந்த ஆலையைத் தாங்கிப் பிடித்தது. இன்று அவருடைய மகன் ஜான் வான் ராய் அதை நடத்துகிறார்.

லாம்பிக் என்ன வகைப் பீர் என்பதை விளக்க, எங்களைப் போன்ற பெரிய ஆலைகளில் நடப்பதை முதலில் சொல்ல வேண்டும். மால்ட்டைச் சுடுநீரில் ஊறவைத்து, அதன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி, வடித்த சாற்றை ஹாப்ஸ் பூவுடன் கொதிக்கவைத்து, பிறகு மூடிய குழாய்களுக்குள்ளேயே விரைவாகக் குளிரவைத்து, ஆய்வகத்தில் வளர்த்த ஒரே வகை ஈஸ்ட்டைச் சேர்ப்போம். கோப்பன்ஹேகனிலுள்ள கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் 1883இல் தூய ஈஸ்ட்டைத் தனியாகப் பிரித்து வளர்த்துக் காட்டிய நாளிலிருந்து உலகின் பெரும்பாலான பீர் இப்படித்தான் உருவாகிறது. காற்றிலுள்ள வேறு ஈஸ்ட்டோ பாக்டீரியாவோ உள்ளே வந்துவிடாமல் காவல் காப்பதே நொதிப்புப் பிரிவில் எங்களுடைய முழு வேலை. ஒரு தொட்டியில் வேற்று நுண்ணுயிர் நுழைந்தது தெரிந்தால் அந்தத் தொட்டியையே கொட்டிவிடுவோம்.

கான்டியோனில் இதற்கு நேர்மாறான செயல் நடக்கிறது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முளைக்காத கோதுமையும் மீதிப் பங்கு மால்ட்டும் சேர்த்துக் காய்ச்சிய சாற்றை, கூரைக்கு அடியில், மாடியறையில் இருக்கும் அகன்ற, ஆழமில்லாத செம்புத் தொட்டி ஒன்றில் ஊற்றி, காற்று வரும் திறப்புகளைத் திறந்துவிட்டு, இரவு முழுவதும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஈஸ்ட் என்று தனியாக எதையும் சேர்ப்பதில்லை. இரவுக் காற்றில் வருவதும், அந்தக் கட்டடத்தின் மரத்திலும் பீப்பாய்களிலும் குடியிருப்பதுமான நுண்ணுயிர்களே சாற்றைப் புளிக்கவைக்கின்றன. மறுநாள் அது ஓக் மரப் பீப்பாய்களுக்குப் போகிறது. சில நாள்களில் நுரை பொங்கி வழிகிறது. பிறகு மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் அமைதியாகக் கிடக்கிறது. அவர்கள் பயன்படுத்தும் ஹாப்ஸும் சில ஆண்டுகள் வைத்திருந்து கசப்பு இறங்கிய பழைய ஹாப்ஸ்தான், ஏனென்றால் அவர்களுக்குத் தேவை அதன் கசப்பு அல்ல, சாறு கெடாமல் காக்கும் அதன் குணம் மட்டுமே. பீப்பாய்களுக்கு மேலே தொங்கும் சிலந்தி வலைகளைக் கூட அவர்கள் துடைப்பதில்லை, ஏனென்றால் இனிப்பையும் பழத்தையும் தேடி வரும் பூச்சிகளைப் பிடிப்பது அந்தச் சிலந்திகள்தான். துடைப்பமும் கிருமிநாசினியுமாக வேலை செய்து பழகிய எனக்கு அந்த வலைகளுக்கு அடியில் நின்றபோது கை பரபரத்தது என்பதை மறைக்கப்போவதில்லை.

நம் வாசகர்களுக்கு இந்த முறை அந்நியமானதல்ல. தென்னை பாளையிலிருந்து இறங்கும் சாறு கள்ளாக மாறுவதும் இப்படித்தான். யாரும் ஈஸ்ட் போடுவதில்லை. காற்றிலும் முட்டியின் சுவரிலும் இருப்பதே போதும். முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் புளிப்பு தடைபட்டுப் பதநீர் கிடைக்கும் என்பது தோட்டத்தில் வளர்ந்த யாருக்கும் தெரிந்த செய்தி. வேறுபாடு வெப்பத்தில் இருக்கிறது. நம் ஊர்ச் சூட்டில் காலையில் இறக்கிய கள் மாலைக்குள் முற்றிப் புளித்து, மேலும் வைத்தால் காடியாகிவிடும். பிரஸ்ஸல்ஸின் குளிர்ந்த இரவில் அந்த மாற்றம் மிக மெதுவாக நடக்கிறது. அமிலம் சிறுகச் சிறுகக் கூடி, பிற கேடு விளைவிக்கும் நுண்ணுயிர்களை அண்டவிடாமல் செய்கிறது. அதனால்தான் காய்ச்சும் பருவமே குளிர்காலத்தை ஒட்டி, தோராயமாக அக்டோபர் இறுதி முதல் ஏப்ரல் தொடக்கம் வரைதான். 2015 நவம்பரில் இரவுகள் குளிராமல் போனதால் அவர்கள் காய்ச்சுவதைச் சில நாள்கள் நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. கோடை விடுமுறையில் போகிறவர்கள் பீப்பாய்களையும் வெறும் செம்புத் தொட்டியையும்தான் பார்க்க முடியும் என்பதைக் கட்டுரையாளர்கள் சொல்ல வேண்டும். பள்ளி விடுமுறை ஆண்டு இறுதியில் வரும் குடும்பங்களுக்கு இந்த வகையில் அதிர்ஷ்டம்தான்.

ஓராண்டு, ஈராண்டு, மூவாண்டு லாம்பிக்குகளைக் கலந்து புட்டியில் அடைத்து மறுபடியும் நொதிக்க விட்டால் கிடைப்பது கூஸ். லாம்பிக்கில் புளிப்புச் செர்ரிப் பழங்களை ஊறவைத்தால் கிடைப்பது கிரீக். சுற்றிப் பார்த்து முடித்ததும் சிறு கோப்பையில் சுவைக்கத் தருவார்கள். நல்ல புளிப்பு, இனிப்பே இருக்காது. குளிர்ந்த லாகர் பீரை எதிர்பார்த்து வாயில் வைப்பவர் முகம் சுளிப்பார், அதில் தவறில்லை. பிடிக்காவிட்டாலும் பார்த்த வேலை பார்த்த வேலைதான்.

இதற்கு அடுத்தபடியாக நான் சொல்வது பிராஸ்ரி டி லா சென். பிரஸ்ஸல்ஸின் நடுவே ஓடி, 19ஆம் நூற்றாண்டில் மேலே தளம் போட்டு மூடப்பட்ட சென் ஆற்றின் பெயரை வைத்துக்கொண்ட ஆலை அது. நம் கிள்ளான் ஆற்றைச் சிமெண்டுக் கரைகளுக்குள் அடைத்ததைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயர்த் தேர்வின் குத்தல் புரியும். இவான் டே பெய்ட்ஸ், பெர்னார் லெபூக் என்ற இருவர் தொடங்கிய அந்த ஆலை, மோலன்பெக் பகுதியில் பல ஆண்டுகள் இயங்கி, 2019 இறுதியில் டூர் எ டாக்ஸி என்ற பழைய சரக்குக் கிடங்கு வளாகத்தின் பக்கம் புதிய கட்டடத்துக்கு மாறியது. அவர்களுடைய தாரஸ் பூல்பா பீரில் சாராய அளவு 4.5 விழுக்காடு மட்டுமே. பெல்ஜியம் என்றாலே எட்டு, ஒன்பது விழுக்காட்டுப் பீர் என்று உலகம் நினைத்துக்கொண்டிருந்தபோது, குறைந்த வலிமையில் ஹாப்ஸின் கசப்பை முன்னிறுத்தி அவர்கள் காய்ச்சியது துணிச்சலான செயல். காய்ச்சும் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வலுவான, இனிப்பான பீரில் குறைகளை மறைத்துவிடலாம், மெல்லிய பீரில் ஒரு குறையையும் மறைக்க முடியாது.

பிரஸ்ஸல்ஸ் பீர் ப்ராஜெக்ட் கட்டுரையில் இடம் பெற்றிருக்கிறது, ஆனால் அதன் பீர் கோப்பையின் வடிவத்துக்குக் கொடுத்த வரிகளை அதன் வேலைக்குக் கொடுக்கவில்லை. 2013இல் பொதுமக்களிடம் நிதி திரட்டித் தொடங்கிய நிறுவனம் அது. தொடக்கத்தில் பெரும்பகுதியை வேறோர் ஆலையில்தான் காய்ச்ச வைத்தார்கள். 2015இல் டான்சார்ட் தெருவில் சிறு ஆலை திறந்து, பின்னர் ஆண்டர்லெக்டில் பெரிய ஆலை கட்டினார்கள். அவர்களைப் பற்றிச் சொல்லத்தக்கது, கடைகளில் விற்காமல் போன ரொட்டியை மால்ட்டின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் போட்டுக் காய்ச்சிய பாபிலோன் என்ற பீர். வீணாகும் உணவைப் பற்றி இவ்வளவு பேசும் நம் காலத்தில் அதுவே ஒரு தனிக் கட்டுரைக்குரிய செய்தி. கான்டியோனிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் வரும் லெர்மிடாஜ் என்ற மிகச் சிறிய ஆலையையும் போகிற வழியில் எட்டிப் பார்க்கலாம்.

நகரை விட்டு வெளியே செல்ல அரை நாள் ஒதுக்க முடிந்தால், தெற்கே லாட் என்ற சிற்றூரிலுள்ள திரி ஃபான்டைனன் என்ற லாம்பிக் ஆலையின் கூடத்துக்குப் போகலாம். அதை நடத்திய ஆர்மான் டெபெல்டர் 2022இல் காலமானார். 2009இல் அவருடைய கிடங்கில் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி பழுதாகி, அறை அளவுக்கு மீறிச் சூடேறி, முதிர வைத்திருந்த பல்லாயிரக்கணக்கான புட்டிகள் பாழாயின. தொழிலையே மூடும் நிலைக்குப் போனவர், கெட்டுப்போனதை வடித்துச் சாராயமாக்கி விற்றுக் கடனின் ஒரு பகுதியைச் சமாளித்தார். சக லாம்பிக் தொழிலாளர்களும் ரசிகர்களும் புட்டிகளைப் பிரித்து ஊற்றக் கைகொடுத்தார்கள். அளவில் சிறிய தொழில் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

இனி, எழுதவே கூடாது என்ற நண்பர்களின் கருத்துக்கு வருகிறேன். அவர்களுடைய கோபம் வரலாற்றிலிருந்து வருகிறது. 1941ஆம் ஆண்டுக் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒன்று. போருக்குப் பின் கெடாவில் ஏ. எம். சாமியின் தலைமையில் எழுந்த தொண்டர் படை, தோட்டத்துக் கள்ளுக்கடைகளுக்கு எதிராக நின்றது. 1947இல் அடக்குமுறைக்கும் உள்ளானது. பின்னாளில் கள்ளின் இடத்தைச் சம்சு என்ற மலிவான சாராயம் பிடித்துக்கொண்டு குடும்பங்களைச் சீரழித்ததையும், பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் அதற்கு எதிராகப் பல்லாண்டுகள் போராடியதையும் இந்த நாளிதழின் வாசகர்களுக்கு நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை. இத்தகைய சமூகத்துக்காக எழுதும் ஏடு, மதுவைக் கொண்டாட்டப் பொருளாக்கி எழுதினால் அதைக் கேள்வி கேட்பது கடமை. முஸ்லிம் வாசகர்களும் நம்மிடையே கணிசமாக இருக்கிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

ஆனால் பேசாமல் இருப்பது பாதுகாப்பு ஆகிவிடாது. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த போலி மதுவைக் குடித்துப் பலர் உயிரிழந்தார்கள். அவர்களில் எவருக்கும் கோப்பையில் என்ன இருந்தது என்று தெரியாது. எதிலிருந்து, எப்படி, யார் செய்தது, எவ்வளவு வலிமை என்று கேட்கும் பழக்கம் குடிப்பவருக்கு வர வேண்டும் என்றால், செய்யும் இடத்தைக் காட்டி எழுதும் கட்டுரைகள் தேவை. விளக்கு அலங்காரத்தையும் கோப்பையின் நுரையையும் வர்ணிக்கும் கட்டுரைகள் அந்தப் பழக்கத்தை வளர்ப்பதில்லை. நம் நாட்டில் சிறு பீர் ஆலை நடத்த உரிமம் கிடைப்பது அரிது. 2017இல் கோலாலம்பூரில் நடக்கவிருந்த கிராஃப்ட் பீர் விழாவுக்கு மாநகராட்சி அனுமதி தரவில்லை. அந்த முடிவின் சரி தவறுக்குள் நான் போகவில்லை. காய்ச்சுவதைக் கண்ணால் பார்க்கும் வாய்ப்பு இங்கே குறைவு என்பதால்தான் வெளியூர்ப் பயணத்தில் அதற்கு முதலிடம் கொடுக்கச் சொல்கிறேன்.

வலிமை பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்லும் இல்லை. இங்கே கடையில் கிடைக்கும் 320 மில்லிலிட்டர் லாகர் டின்னில் 5 விழுக்காடு என்றால் அதிலுள்ள தூய சாராயம் 16 மில்லிலிட்டர். பெல்ஜியத்தில் 8.5 விழுக்காட்டுப் பீர் 330 மில்லிலிட்டர் புட்டியில் வந்தால், அது 28 மில்லிலிட்டர். இங்கே இரண்டு டின்னோடு நிறுத்திக்கொள்பவர் அங்கே இரண்டு புட்டி குடித்தால், கிட்டத்தட்ட மூன்றரை டின் உள்ளே போயிருக்கும். நம் கலால் வரியே 2016 மார்ச் முதல் தூய சாராயத்தின் அளவை வைத்து, லிட்டருக்கு 175 ரிங்கிட் என்று கணக்கிடப்பட்டு, அதன் பிறகும் மாற்றம் கண்டிருக்கிறது. வரித் துறை கவனிக்கும் எண்ணைப் பயணக் கட்டுரை கவனிக்காமல் விடலாமா?

பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இன்னொரு தகவல் அவசியம். பெல்ஜியத்தில் 16 வயதிலேயே பீர் வாங்கலாம். நம் நாட்டில் 2017 டிசம்பர் முதல் வயது வரம்பு 21. அங்கே பரிமாறுபவர் உங்கள் மகனிடம் கேள்வி கேட்க மாட்டார். என்ன செய்வது என்பதைப் பெற்றோர் புறப்படும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும், மேசையில் உட்கார்ந்த பிறகு அல்ல. திரும்பி வரும்போது சுங்கத்தில் வரியின்றி அனுமதிக்கப்படும் மது ஒரு லிட்டர்தான். கான்டியோன் கூஸின் பெரிய புட்டி 750 மில்லிலிட்டர் என்பதால் ஆளுக்கு ஒன்றுக்கு மேல் வாங்கிப் பெட்டியில் வைக்க வேண்டாம்.

கட்டுரையின் முடிவில் அடுத்து பிராக் நகரைப் பற்றி எழுதப் போவதாகக் கட்டுரையாளர் அறிவித்திருக்கிறார். அந்தக் கட்டுரையில் ஒவ்வோர் இடத்துக்கும் மூன்று விவரங்களைச் சேர்க்கும்படி தாங்கள் அவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: பீர் அங்கேயே காய்ச்சப்படுகிறதா, பார்வையாளர் அதைப் பார்க்க முடியுமா, அதன் சாராய அளவு என்ன. 1499ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகச் சொல்லும் ஊ ஃப்ளெகூ என்ற பிராக் மதுக்கூடத்தில் பீர் அங்கேயே காய்ச்சப்படுகிறது. அதிலிருந்து அவர் தொடங்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்